கால், கால், கால், கால்

வினிகர் புட்டி மூடியில் மூன்று ஓட்டை.
போட்டவள் நான்.
இரண்டு போதாது, நாலு போட்டால் வெள்ளம்.
சாட்ஸ்வர்த்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும்
என்னை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

எங்கள் கடைச் சிப்ஸ் மொறுமொறுக்காது.
தூக்கினால் தலை தொங்கும்,
கணக்கில் தோற்ற பையன் மாதிரி.
அதுதான் அதற்கு லட்சணம்.
எண்ணெயை விட்டு எடுத்த கையோடு உப்பு,
வினிகர், மறுபடியும் உப்பு.
காகிதத்தில் சுற்றிவிட்டால்
மீதி வேலையை அதன் ஆவியே பார்த்துக்கொள்ளும்.

முகத்தைப் பார்க்காமல் ஊரைச் சொல்வேன்.
தக்காளி சாஸ் கேட்டால்
ஜோகன்னஸ்பர்க்கில் சில வருஷம் இருந்தவர்.
மயோனெஸ் கேட்டால் மகள் லண்டனில்.
மாங்காய் அச்சாரின் எண்ணெய் மட்டும்,
துண்டு வேண்டாம், என்றால் டோங்காட்.
தப்பியதும் உண்டு. ஒத்துக்கொண்டதில்லை.

அப்புறம் பன்னி.
ரொட்டியைக் குடைந்து கறியை நிரப்பிப்
பிடுங்கிய பஞ்சையே மூடியாக வைப்பது.
சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர்
பலகையில் 'பீன்ஸ் பன்னி' என்று படித்துவிட்டு
இரண்டடி பின்னால் போனார்.
பெயர்தான் சார் அப்படி, உள்ளே அவரைவிதை என்றேன்.
இரண்டு சாப்பிட்டார்.

புரட்டாசி இரண்டாம் வெள்ளி.
பீன்ஸ் தீர்ந்து பானை காலி.
கடைசி ஆளாக வந்தவர் மொஹ்சின் அப்ரஹாம்ஸ்,
சட்டைப்பையில் துறைமுக அட்டை.
கேட்ஸ்பி இருக்கா என்றார்.
கேப் டவுன் என்று அந்தச் சொல்லே சொல்லிவிட்டது.
முழங்கை நீள ரோல் இங்கே ஏது?
பன்னி ரொட்டிதான் உண்டு என்றேன்.

அதையே நெடுக்காக வெட்டுங்கள் என்றார்.
பத்து வருஷமாக
கால், அரை என்று குறுக்கே போன கத்தி.
நெடுக்கே திருப்பியதும்
இடது கைக்காரி போலத் தடுமாறினேன்.

உள்ளே என்ன வைக்க?
மட்டன் ஹலாலா?
இல்லை.
அப்போ வேண்டாம்.
வேண்டாம்தான், எனக்கும் மாசம், கையால் தொடமாட்டேன்.
இருவரும் வேறு வேறு வழியில் போய்
ஒரே சிப்ஸ் தட்டில் வந்து நின்றோம்.
இலைக்கோசு, அச்சார், சிப்ஸ்,
அதன் மேல் இன்னும் சிப்ஸ்.
மூட மறுத்த ரொட்டியை
உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்தேன்.

நாலாக வெட்டுங்கள்.
கூட யார் வருகிறார்கள்?
யாருமில்லை. டர்பன் வந்து மூன்று வாரம்.
பிறகு ஏன் நாலு?
அவருக்கே தெரியவில்லை போல.
ஒரு ஆளுக்கென்று இதை
வெட்டிப் பார்த்ததில்லை என்றார்.

பன்னி அப்படியில்லை.
கால் வாங்கினால் உன் கால் உன்னது.
அடுத்தவன் கை உள்ளே வந்தால் சண்டை.

கடைக்குள் மொத்தம் நாலு பேர்.
ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்குக் கிளம்பிய திருஷா
தன் துண்டைத் திறந்து தக்காளி சாஸ் பிழிந்தாள்.
டாக்ஸி ஓட்டும் ந்ஜாபுலோ
பச்சை மிளகாயைக் கிள்ளிச் செருகினான்.
நான் மூன்று ஓட்டைப் புட்டியைக் கவிழ்த்தேன்.
அப்ரஹாம்ஸ் ஒவ்வொருவராகப் பார்த்தார்,
தன் வீட்டுச் சுவரில்
மூன்று பேர் மூன்று வர்ணம் அடிப்பதைப் பார்ப்பவர் போல.
ஒன்றும் சொல்லவில்லை.
கடைசியில் என் பக்கம் கையை நீட்டி
வினிகர் கேட்டார்.
கொஞ்சமாக.

காலையில் முதலாளி பூபாலன் நோட்டைப் புரட்டினார்.
முழு ரொட்டி ஒன்று குறைகிறது,
பன்னி விற்ற கணக்கைக் காணோமே?
காசு சரியாக இருக்கிறதல்லவா என்றேன்.
இருக்கிறது, எந்தப் பெயரில் எழுத?
பலகையில் அதற்குப் பெயர் இல்லை.
பேனாவை வாங்கி நானே எழுதினேன்:
கால், கால், கால், கால்.